வயலுக்குப் பிறந்த வாகனம் வீதிக்கு வரும்போது

பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டால் கிழக்கிலங்கையின் வீதிகள் முகம் மாறிவிடுகின்றன. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, இறக்காமம், பொத்துவில் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு உழவு இயந்திரங்களின் இரைச்சல் எழும். நெல் மூடைகளை மலைபோல் அடுக்கிய பெட்டிகள், வைக்கோல் ஏற்றிய பெட்டிகள், வெட்டு மெஷினைச் சுமந்த லொறிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, பொலன்னறுவைப் பக்கங்களிலும் இதே காட்சிதான்.

இந்த இரைச்சல் நம் வீடுகளுக்குப் பரக்கத்தின் ஓசை. பிள்ளைகளின் படிப்பும், குமர்களின் கலியாணமும், வருடம் முழுவதும் உண்ணும் சோறும் அந்தப் பெட்டிகளில்தான் வந்து சேருகின்றன. எனவே உழவு இயந்திரத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. வயலுக்காகச் செய்யப்பட்ட ஒரு வாகனம் தார் வீதியில் ஏறும்போது என்ன நடக்கிறது, அந்த வேளையில் வீட்டிலிருக்கும் பெண்கள் என்ன செய்ய முடியும் என்பதையே இங்கு பேச விரும்புகிறோம்.

“வண்டியோட்டுவது ஆண்கள், எங்களுக்கு இதில் என்ன வேலை?” என்று சகோதரிகள் நினைக்கக்கூடும். நமது பகுதியில் மகளுக்குக் கொடுத்த வீட்டின் முற்றத்தில்தான் பெரும்பாலும் மருமகனின் மெஷின் நிற்கிறது. அந்த முற்றத்திலிருந்து அது எப்போது புறப்படுகிறது, எந்த நிலையில் புறப்படுகிறது, யாரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது என்பதைக் கேட்க வீட்டுப் பெண்ணுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

மண்ணுக்காகச் செய்யப்பட்டது

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பிரேக்கைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். காரிலும் பஸ்ஸிலும் இருப்பதுபோல் ஒரே மிதி அதில் இல்லை. பின் சில்லுகள் இரண்டுக்கும் இரண்டு தனித்தனி மிதிகள் உள்ளன. வயலின் மூலைக்கு வந்ததும் ஒரு பக்க மிதியை மட்டும் அழுத்தினால், அந்தப் பக்கச் சில்லு நின்றுவிட, இயந்திரம் அதே இடத்தில் சுழன்று திரும்பும். உழவுக்கு இது மிக வசதி. ஆனால் வீதியில் ஓடும்போது திடீரென ஒரு பக்க மிதி மட்டும் அழுத்தப்பட்டால், இயந்திரம் ஒரு பக்கமாக இழுத்துக் குடைசாய்ந்துவிடும். இதற்காகவே இரண்டு மிதிகளையும் ஒன்றாகப் பூட்டும் கொளுவி ஒன்று அதில் வைக்கப்பட்டிருக்கிறது. வயலைவிட்டு வீதிக்கு ஏறுமுன் அதைப் பூட்ட வேண்டும். எத்தனை பேர் பூட்டுகிறார்கள்? பல இயந்திரங்களில் அந்தக் கொளுவியே துருப்பிடித்துக் கிடக்கிறது.

அடுத்தது பெட்டி. ஒரு மூடை நெல் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 மூடைகள் 2400 கிலோ. சாதாரண உழவு இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 2000 கிலோதான். இழுப்பதைவிட இழுக்கப்படுவது பாரம் கூடியது. பெட்டிகள் பலவற்றுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. முன்னால் இயந்திரம் நின்றாலும் பின்னால் வரும் பாரம் நிற்பதில்லை. அது இயந்திரத்தை முட்டித் தள்ளி, பக்கவாட்டில் மடக்கிவிடுகிறது. பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் நடக்கும் விபத்துக்களுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

லேண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இரண்டு சில்லு மெஷினில் இன்னொரு விசித்திரம் உண்டு. சமதரையில் இடக்கைப் பிடியிலுள்ள நெம்பை அழுத்தினால் அது இடப்பக்கம் திரும்பும். ஆனால் பாரத்துடன் சரிவில் இறங்கும்போது அதே நெம்பை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும்! அழுத்திய பக்கச் சில்லு இயந்திரப் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்பாட்டில் உருள, மற்றச் சில்லை இயந்திரம் பிடித்துவைத்திருப்பதே இதற்குக் காரணம். அனுபவசாலிகள் இதை அறிவார்கள். “சும்மா ஒருக்கா ஓட்டிப் பார்க்கிறேன்” என்று ஏறும் பதினான்கு வயதுப் பையனுக்கு இது தெரியாது.

சட்டமும் இதை உணர்ந்தே வைத்திருக்கிறது. இலங்கையில் விவசாய நில வாகனத்துக்கு ‘ஜி’ வகுப்பும், இரண்டு சில்லு மெஷினுக்கு ‘ஜி 1’ வகுப்பும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனியாக உள்ளன. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டலாம் என்பது தவறான எண்ணம்.

இருட்டில் மூன்று விநாடி

உழவு இயந்திரம் மெதுவாகத்தானே போகிறது, அதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மெதுவே ஆபத்து. சிறு கணக்கொன்றைப் பார்ப்போம்.

ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் வருகிறது. அப்படியானால் அது ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. முன்னால் போகும் பெட்டியின் வேகம் மணிக்கு 15 கிலோ மீற்றர். அதாவது விநாடிக்கு 4 மீற்றர் அளவுதான். எதிரே வாகனம் வருவதால் மோட்டார் சைக்கிள்காரர் தமது விளக்கைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார். தாழ்த்திய விளக்கில் ஏறத்தாழ 40 மீற்றர் தூரந்தான் தெளிவாகத் தெரியும். பெட்டிக்குப் பின்னால் வெளிச்சமில்லை. அது அவர் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து மோதுவதற்குள்ள அவகாசம் 3 விநாடி சொச்சமே.

அந்தப் பெட்டி வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆபத்தைக் கண்டு, மூளை அதை விளங்கி, கால் பிரேக்கில் அழுந்துவதற்கே ஒன்றரை விநாடி போய்விடுகிறது. அதற்குள் 25 மீற்றர் கடந்தாயிற்று. அதன் பிறகு காய்ந்த வீதியில் வாகனம் நிற்பதற்கு இன்னும் 23 மீற்றராவது தேவை. மொத்தம் 48 மீற்றர். கண்ணுக்குத் தெரிந்ததோ 40 மீற்றர். அவர் குடித்திருக்கவில்லை, ஓட்டப்போட்டி போடவில்லை, நித்திரை தூங்கவில்லை. இருந்தும் தப்ப முடியாது. வீதி மழையில் நனைந்திருந்தால் சொல்லவே தேவையில்லை.

நம் நாட்டில் வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே பெரும் பங்கினர். ஆகவே இருட்டில் நிற்கும் ஒரு பெட்டி யாருடைய பிள்ளைக்காகக் காத்து நிற்கிறது என்பதை எவரும் சொல்ல முடியாது.

இதற்கான மருந்து மலிவானது. ரிஃப்லெக்டர் என்று கடைகளில் விற்கும் சிவப்பு வில்லைகள் இரண்டை, பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் பொருத்தினால், பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் பட்டதும் அவை வெகு தூரத்திலேயே மின்னும். இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்று மட்டும் இருந்தால், தூரத்தில் வருபவர் அதை மோட்டார் சைக்கிள் என்று எண்ணிப் பக்கத்தால் நுழையப் பார்ப்பார். சேறு படிந்தால் வில்லை குருடாகிவிடும். எனவே துடைக்கவும் வேண்டும்.

மெதுவாகப் போகும் வாகனங்களால் வரும் இந்த ஆபத்து எல்லா நாட்டு விவசாயிகளுக்கும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, செம்மஞ்சள் நிற முக்கோணத் தகடு ஒன்றை உருவாக்கினார்கள். நடுவில் பகலில் பளிச்சிடும் செம்மஞ்சள், ஓரங்களில் இரவில் மின்னும் சிவப்பு. அதைக் கண்டதுமே முன்னால் போவது மெதுவான வாகனம் என்று பின்னால் வருபவர் புரிந்துகொள்வார். இன்று பல நாடுகளில் உழவு இயந்திரங்களின் முதுகில் அது தொங்குகிறது. நமது பெட்டிகளிலும் தொங்கினால் என்ன நட்டம்?

மட்காட் ஆசனமல்ல

வாப்பா வயலுக்குப் போகிறார். மகனும் கூடப் போக அடம்பிடிக்கிறான். “போகட்டுமே, வாப்பாவோட தானே” என்று உம்மா அனுப்பிவிடுகிறார். பிள்ளை பெரிய சில்லுக்கு மேலே மட்காட்டில் குந்திக்கொள்கிறான். பிடிப்பதற்கு அங்கு எதுவுமில்லை. ஒரு குழியில் சில்லு விழுந்து எழும்பினால் போதும். பிள்ளை விழுவது அந்தச் சில்லின் முன்னால்தான். ஓட்டிக்கொண்டிருக்கும் தகப்பன் பிரேக் போட நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெற்ற பிள்ளையின் மீது தன் கையால் செலுத்திய சில்லு ஏறிய தகப்பனுக்கு, அதன் பிறகு எந்த ஆறுதலும் ஆறுதலாகாது.

உழவு இயந்திரத்தில் ஓட்டுபவருக்கு மட்டுமே ஆசனம் செய்யப்பட்டிருக்கிறது. இதை மனதிற் கொள்ள வேண்டும். சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே, புதிய உழவு இயந்திரங்கள் யாவற்றிலும் குடைசாய்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதபடி இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும் என்று விதித்தார்கள். அதனால் அங்கு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தச் சட்டங்கூட ஆசனத்தில் இருப்பவரைத்தான் காக்கும். மட்காட்டில் இருப்பவரை அல்ல. நம் வீதிகளில் ஓடும் இயந்திரங்கள் பலவற்றில் அதுவும் இல்லை.

பெட்டியும் அவ்வாறே. கலியாண வீட்டுக்கும், பெருநாள் மறுநாள் கடற்கரைக்கும், நாற்று நடவுக்கும் களை பிடுங்கவும் பெண்களையும் பிள்ளைகளையும் பெட்டியில் நிரப்பிச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. செலவு குறைவு, எல்லோரும் ஒன்றாகப் போகலாம், சிரிப்பும் பாட்டுமாகப் போகலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பலகைகள் நெல்லையும் மணலையும் தாங்கச் செய்யப்பட்டவை. நின்றுகொண்டிருக்கும் இருபது பேர் ஒரு வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பெட்டியும் சாயும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வேளாண்மைக்கென்று பதிவு செய்த வாகனத்தில் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், காப்புறுதியில் இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக வந்து நிற்கக்கூடும்.

மாவடிப்பள்ளியில் நடந்தது

2024 நவம்பர் 26ஆந் திகதியை அம்பாறை மாவட்ட முஸ்லிம்கள் மறக்க மாட்டார்கள். வங்காள விரிகுடாத் தாழமுக்கத்தால் பெய்த பெருமழையில் மாவட்டமே வெள்ளக்காடாக இருந்தது. நிந்தவூரில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிய மாணவர்கள் சம்மாந்துறைப் பக்கமுள்ள தங்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளி அருகே வெள்ளம் வீதிக்கு மேலாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதைக் கடக்க உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். பெட்டியை வெள்ளம் புரட்டியது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள். மாணவர்கள் 6 பேர் உட்படப் பலர் மௌத்தானார்கள். ஜனாஸாக்களைத் தேடியெடுக்க நாட்கள் சென்றன. வீட்டுக்கு வரும் பிள்ளைக்காகச் சோறாக்கி வைத்துக் காத்திருந்த தாய்மாரை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

யாரில் பிழை என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. ஆனால் அந்த நாளில் அந்தப் பெட்டியில் ஏறியவர்களுக்கு மட்டுமன்றி, நம் எல்லோருக்குமே ஒரு நம்பிக்கை இருக்கிறது: “மெஷின் உயரமானது, பாரமானது, அது வெள்ளத்தில் போகும்” என்பதே அது. இந்த நம்பிக்கை உயிரைக் கொல்லும் நம்பிக்கை. ஏன் என்று விளங்கிக்கொள்வோம்.

10 அடி நீளமும் 6 அடி அகலமுமான ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் அதன் அடிப்பலகைக்கு மேல் 8 அங்குலம் ஏறுகிறது. நீர் உள்ளே புகுந்து நிரம்பாத வரையில், அந்த நீர் பெட்டியை மேல்நோக்கித் தூக்கும் விசை ஆயிரம் கிலோவுக்கும் மேல். கிணற்றில் வாளி மிதப்பதும் இதே காரணத்தால்தான். தரையில் கனமாக நின்ற பெட்டி இப்போது பாதித் தோணியாகிவிட்டது. சில்லுகளுக்குத் தரையில் பிடிமானமில்லை. அந்த நிலையில் பக்கவாட்டில் வரும் நீரோட்டம் அதை வீதியோரத்துக்குத் தள்ளுகிறது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. பெட்டி சரியும்போது தன்னை இழுக்கும் இயந்திரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. கலங்கிய நீரில் வீதியின் விளிம்பு எது, அரிக்கப்பட்ட மதகு எது என்பதும் தெரிவதில்லை. முழங்காலளவு ஓடும் நீரே காரைப் புரட்டப் போதுமானது.

மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்திருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பாடமுண்டு. வீதியில் வெள்ளம் பாய்கிறது என்றால் பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். விடுமுறை ஒரு நாள் பிந்தினால் எதுவும் கெட்டுவிடாது. பெற்றோரும், “எப்படியாவது அனுப்பிவிடுங்கள்” என்று தொலைபேசியில் நெருக்காமல், “வெள்ளம் வடியட்டும், அங்கேயே வைத்திருங்கள்” என்று சொல்ல வேண்டும்.

வீதி களமல்ல

வேளாண்மைக் காலத்தில் வீதிக்கு நாம் செய்யும் இன்னும் சில காரியங்கள் உண்டு. சேற்றுழவுக்கான இரும்புச் சில்லுகளைக் கழற்றாமலே தாரில் ஓட்டுகிறோம், வீதி பெயர்கிறது. வயலிலிருந்து ஏறும் டயர்கள் களிமண்ணைக் கட்டி கட்டியாக வீதியில் கொட்டுகின்றன. அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் மோட்டார் சைக்கிள் எண்ணெயில் ஏறியதுபோல் வழுக்கும். வீதியின் பாதியை மறித்து நெல் காயப்போடுகிறோம். எவரும் ஏறிவிடக் கூடாதென்று ஓரத்தில் கல் வைக்கிறோம். மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை விட்டுவிட்டுப் போகிறோம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது நன்மையான காரியம் என்று சின்ன வயதில் ஓதப் போன எல்லோரும் படித்திருக்கிறோம். அப்படியானால் கல்லையும் களியையும் இருட்டில் பெட்டியையும் பாதையில் போட்டுவிட்டுப் போவது எதில் சேரும் என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளலாம்.

“எல்லாம் நஸீபு”

ஜனாஸா வீட்டில் இந்தச் சொல் ஆறுதல் தரும், தர வேண்டும். ஆனால் விபத்துக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொண்டு வெளிச்சமில்லாத பெட்டியைக் கிளப்புவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே நம்பிக்கை வைக்கச் சொல்லித் தரப்பட்ட சமூகம் நாம். வில்லை இரண்டு பொருத்துவதும், மிதிகளைப் பூட்டுவதும், பிள்ளையை இறக்கிவிடுவதும் நமது காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவதே.

ஆகவே, சகோதரிகளே, மெஷின் முற்றத்தை விட்டுப் புறப்படுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்.

“இஞ்சாருங்க, பெட்டிக்குப் பின்னால வெளிச்சம் எரியுதா?” என்று கேளுங்கள். வில்லையில் சேறிருந்தால் ஒரு பழந்துணியால் நீங்களே துடைத்துவிடுங்கள்.

“மஹ்ரிபுக்கு முன்னம் திரும்பிடுவீங்களா?” என்று கேளுங்கள். இரவில் திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டி பழுதாகி வீதியில் நின்றுவிட்டாலும் காட்டுவதற்கு ஒரு டோர்ச் கையில் கொடுத்துவிடுங்கள். வெட்டுக் காலத்தில் இரவு பகலாக ஓட்டுபவருக்கு நித்திரையே பெரிய எதிரி. இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பச் சொல்லுங்கள்.

“யார் ஓட்டுறது?” என்று கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத பையன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் வேண்டாம்.

“யார் ஏறிப் போறது?” என்று கேளுங்கள். மட்காட்டில் இருக்கும் பிள்ளையை இறக்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் அழுவான், அழட்டும். சிறிது நேரத்தில் மறந்துவிடுவான்.

இன்று நம் பெண்கள் பலர் ஸ்கூட்டியில் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். முன்னால் மூடை ஏற்றிய பெட்டி போனால் சற்றுத் தள்ளியே போங்கள். இயந்திர இரைச்சலில் உங்கள் ஹோர்ன் அவருக்குக் கேட்காது, மூடைகளுக்குப் பின்னால் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரியவும் மாட்டீர்கள். வயல் பாதைகள் பிரியும் இடங்களில் முந்த வேண்டாம். அவர் சமிக்ஞை ஏதும் காட்டாமலே வலப்பக்கம் வயலுக்குள் திரும்பக்கூடும்.

அவசரத்துக்கு உதவும் இலக்கங்களைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. பொலிஸ் அவசர சேவைக்கு 119. வெள்ள காலத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

இந்தப் போகத்திலும் பெட்டிகள் நிறைய நெல் வரட்டும். அவற்றை ஓட்டிச் சென்றவர்களும், அவற்றுக்குப் பின்னால் வந்தவர்களும், வீதியைக் கடந்த பிள்ளைகளும் அந்த நெல்லின் சோற்றை உண்ண வீடு வந்து சேரட்டும்.